33 பக்கக் கடிதம்

இது நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

போன வாரம் வேட்டவலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து விசேஷம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள், பக்கத்தில் வந்து நின்றாள். நல்லா இருக்கியாம்மா என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. மூன்றரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்களாம், அதுவும் தீவிரமான வகையாம். பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறானாம். "நான் எங்க சார் தப்பு பண்ணேன்? வேலைக்குப் போனதாலயா, போன் குடுத்ததாலயா? எங்க மாமியார் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள்.

ஈரக் கையோடு நின்றுகொண்டு என்ன பதில் சொல்வது? "நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்று மட்டும் சொன்னேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை என்று அவள் நினைத்திருப்பாள். அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அவளுக்காகவும் உங்களுக்காகவும் அதை எழுதுகிறேன்.

என் தங்கை மகனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டு, தோலை நேர் வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். 1987-இல் பிறந்தான். 1988-இல் என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினோம். ஊசி இறங்கியபோது அழவே இல்லை, மேளம் கொட்டியபோது துடித்துப் போனான். "தாய்மாமன் மாதிரி தைரியசாலி" என்றார்கள். எனக்கும் பெருமை. வலி தெரியாததும் ஓசை தாங்காததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்களாக இருக்கலாம் என்று அன்று யாருக்குத் தெரியும்?

நான்கு வயது வரை பேச்சு வரவில்லை. இருந்த இரண்டு மூன்று சொற்களும் போய்விட்டன. தங்கையின் புகுந்த வீட்டில் குற்றம் அவள் மேல் விழுந்தது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், பால் சரியாகக் கொடுக்கவில்லை, பிள்ளையோடு பேசுவதே இல்லை என்றெல்லாம் சொன்னார்கள். 1992-இல் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

இங்கே என் தப்பை எழுதியாக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் அவள் பையனுக்குச் சட்டை மாட்டி, பலகையும் பையும் கொடுத்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கே அழைத்து வந்தாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் நான். வருகைப் பதிவேடு என் மேஜை மேல்தான் இருந்தது. இவனை வைத்துக்கொண்டு மற்ற நாற்பது பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது, அதிகாரி வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். "வீட்டிலேயே வச்சு கொஞ்சம் கண்டிச்சு வளர்த்தா சரியாயிடும்" என்று என் சொந்தத் தங்கையிடம் சொல்லி அனுப்பினேன். அதோடு விடவில்லை. வீட்டில் அவன் அடம்பிடிக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் அடிஸ்கேலால் அடித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்கேலைப் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் என்று ஒரு தாள் எழுதியவன் நான். மெல்லக் கற்போர், மீத்திறன் மிக்கோர் என்று இரண்டு வகை படித்தோம். இவன் இரண்டிலும் இல்லை. மறு வருஷம் ஒரு மருத்துவர் சீட்டில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தும் எனக்குப் பொருள் தெரியவில்லை.

அந்தச் சொல் 1911-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து, வேறொரு மனநோயின் அறிகுறியைக் குறிக்கப் பயன்படுத்தினார். குழந்தைகளுக்கான தனி நிலையாக அது அமைந்தது 1943-இல். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் குழந்தையின் பெயர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். 1933-இல் பிறந்தவன்.

இந்த டொனால்டின் கதை எனக்கு மனப்பாடம். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் அவனை 1937-இல் வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். வயது நான்குகூட ஆகவில்லை. ஒரு வருஷம் கழித்து, வேண்டாம் என்று திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அப்பா வழக்கறிஞர். கானரிடம் காட்டப் போவதற்கு முன், மகனைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் தட்டச்சு செய்து அனுப்பினார். மொத்தம் 33 பக்கம். எதைச் சாப்பிடுவான், எதைச் சுழற்றுவான், எந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வான், ஆள் வந்தால் பார்க்காமல் எப்படிக் கடந்து போவான் என்று எல்லாம் அதில் இருந்தன. கானரின் கட்டுரையில் முதல் குழந்தையைப் பற்றிய பகுதி பெரும்பாலும் அந்தக் கடிதத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆட்டிசத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தேர்வில் கேட்டால் கானர் என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். என்னைக் கேட்டால் அந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாதி மார்க் கொடுப்பேன்.

இன்னொரு விஷயம். 1942-இல் டொனால்டைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். அவனுக்கு எதையும் அளக்க வேண்டும், எண்ண வேண்டும். அந்த விவசாயி அதைத் தடுக்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அளந்து வா என்றார். மக்காச்சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தான், எண்ணுகிறவனை ஏர் ஓட்டவும் வைத்தார். கானர் நேரில் போய்ப் பார்த்து அசந்து போனார். பிற்பாடு டொனால்ட் கல்லூரியில் படித்து, தன் குடும்பத்துக்குத் தொடர்புள்ள வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023-இல் 89 வயதில் இறந்தார். ஊரே அவரைத் தெரிந்து வைத்திருந்தது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, சரியாயிடும்" என்று அந்தப் பெண்ணிடம் யாரும் போய்ச் சொல்லாதீர்கள். டொனால்டுக்குப் பேச்சு இருந்தது. அந்த 11 பேரில் 3 பேர் பேசவே இல்லை. அவர்களைப் பற்றிப் படம் எடுப்பாரில்லை. 1971-இல் கானர் தம் பழைய குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். அரசு மனநலக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தார்கள்.

ஆனால் இதே கானர்தான் பெற்றோர் மேல் ஒரு பழியையும் போட்டார். இந்தக் குழந்தைகளின் பெற்றோர் படித்தவர்கள், ஆனால் பாசத்தின் சூடு இல்லாதவர்கள் என்ற பொருள்பட எழுதினார். அதிலிருந்து கிளம்பியதுதான் 'குளிர்பெட்டித் தாய்' என்ற பேச்சு. தாய் ஐஸ்பெட்டி மாதிரி இருந்ததால் பிள்ளை உறைந்து போயிற்றாம். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், மருத்துவப் பட்டம் பெற்றவர்கூட இல்லை, 1967-இல் ஒரு புத்தகமே எழுதினார். நாஜி முகாமில் அடைபட்டு மீண்ட மனிதர் அவர். அந்த முகாமின் கொடுமையை அனுபவித்தவர், ஆட்டிசக் குழந்தையின் நிலையை அதோடு ஒப்பிட்டால் தாய் எந்த இடத்தில் நிற்பாள் என்று பாருங்கள். ஐரோப்பாவில் பிறந்து அமெரிக்காவில் படிப்பித்த அந்தப் பேராசிரியரும், சேத்துப்பட்டுப் பக்கம் என் தங்கையின் மாமியாரும் ஒரே தீர்ப்பை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் வியப்பு அதுதான்.

தீர்ப்பைத் திருத்தியவர்களும் பெற்றோர்களே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட், தன் மகன் மார்க்குக்காக நூலகம் நூலகமாகத் தேடி, 1964-இல் ஒரு புத்தகம் எழுதினார். இது உடலில், மூளையில் உள்ள காரணம், வளர்ப்பு அல்ல என்று வாதாடினார். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் கானரே. லண்டனில் 1962-இல் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அதில் ஒருவர் லோர்னா விங், மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள பெண்ணின் தாய். 1969-இல் அமெரிக்கப் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்குக் கானர் வந்து, உங்கள் மேல் குற்றம் இல்லை என்று பொதுவில் சொன்னார். கட்டுரை வந்து 26 ஆண்டுகள் கழித்து! இன்றைக்கு மரபணுக்களின் பங்கு பெரிது என்றும், பிறப்பதற்கு முன்பே மூளை வளர்ச்சியில் தொடங்கும் வேறுபாடு இது என்றும் ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகையால் ஓசூர் மகளே, உன் வேலையும் உன் போனும் இதற்குக் காரணமில்லை. தடுப்பூசியும் காரணமில்லை. 1998-இல் அப்படிக் கிளப்பிவிட்ட கட்டுரையை 2010-இல் அந்த மருத்துவ இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1991-இல் டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாய், தன் மகனுக்காகத் தொடங்கியது 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்'. 1994-இல் அவர்கள் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே பள்ளி தொடங்கினார்கள். சென்னையில் அதற்கும் முன்பே, 1985-இல், பூனம் நடராஜன் என்ற தாய், பெருமூளை வாதம் உள்ள தன் மகனை வைத்துக்கொண்டு ஆரம்பித்த இடம்தான் இன்றைய வித்யாசாகர். பின்னாளில் அவர் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் ஆனார். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பிள்ளையைக் கவனித்து எழுதிய அம்மாக்கள்தான் இங்கேயும் முதல் நிபுணர்கள்.

சட்டம் மெதுவாக நடந்தது. 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் 7 வகைகளைச் சொன்னது, அதில் ஆட்டிசம் இல்லை. எங்கள் பையனுக்கு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று அட்டை வாங்கினோம். வேறு கட்டம் இல்லையே. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மத்தியச் சட்டத்தின் தலைப்பிலேயே ஆட்டிசம் என்ற சொல் ஏறியது அப்போதுதான். பெற்றோர்கள் ஓடி ஓடி மனுக் கொடுத்த பலன்.

அந்தச் சட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1998, கார்த்திகை தீபம். கிரிவலப் பாதையில் வசிப்பவர்களுக்குத் தெரியும், அன்று வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. பையனுக்குப் பதினொரு வயது. கதவு ஒரு நிமிஷம் திறந்திருந்தது, போய்விட்டான். பெயர் சொல்லத் தெரியாது, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். லட்சக்கணக்கான ஜனங்களுக்குள் தேடினோம். ராத்திரி பத்து மணிக்கு, வாயு லிங்கம் தாண்டி, குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கிடைத்தான். ஒரு மரத்தடியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறைய விபூதி. எதிரே சில்லறைக் காசும் இரண்டு வாழைப்பழமும். யாரோ மௌன சாமி என்று நினைத்துக் கும்பிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் ஊர் பேசாதவர்களைக் கும்பிடப் பழகிய ஊர். என் பள்ளியில் அதே மௌனத்துக்கு இடம் இல்லை என்று சொன்னவன் நான் என்பது அந்த மரத்தடியில் எனக்கு உறைத்தது.

உறைத்து என்ன பயன்? அதற்குப் பிறகு பௌர்ணமி தோறும் அவன் கணுக்காலைப் பழைய சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டினோம். யோசனை என்னுடையது. முடிச்சுப் போட்டது என் தங்கை. இப்படி இரண்டரை வருஷத்துக்கு மேல்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள். ஆட்டிசம் மனநோய் அல்ல, அது வேறு. ஆனால் "இவனையும் அந்த மாதிரி எங்கயாவது விட்டுட்டு வா, உன் வாழ்க்கையப் பாரு" என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்த உறவினர்கள் இருந்தார்கள். பெயர் வேண்டாம், சிலர் இதைப் படிக்கவும் செய்வார்கள். மறுநாள் பேப்பர் வந்தது. தங்கை அதை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சேலைத் துண்டை எடுத்து அடுப்பில் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயந்திரமே கொல்லரை வரவழைத்துக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் வாசலுக்கு ஒரு கம்பிக் கேட்டும் போட்டோம். சட்டைக் காலரின் உட்புறம் பக்கத்து வீட்டு டெலிபோன் நம்பரை நூலால் தைத்தாள். மூன்று ரூபாய் நூலில் முடிகிற காரியம், எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

பிறகு வந்தவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதில் அவனுக்கு வலிப்பு தொடங்கியது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வளரிளம் பருவத்தில் இப்படி வருவதுண்டு, மாத்திரையை நிறுத்தக் கூடாது. 2005-இல் சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் வந்தது. 2009-இல் நம் நாட்டுக்கென்றே ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் உருவானது. 40 கேள்விகள், 40 முதல் 200 வரை மதிப்பெண். 153-க்கு மேல் போனால் தீவிரம். எங்கள் பையன் அதில் 'பாஸ்' செய்துவிட்டான் என்று தங்கை சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். 2016 சட்டத்தில் 7 வகை 21 ஆயிற்று, ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடைத்தது.

அரசுத் தமிழில் இதற்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. தமிழாசிரிய நண்பர்கள் மன்னிக்க, எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பையனுக்குப் பால்காரர் வண்டிச் சத்தம் தெரு முனையில் இருக்கும்போதே கேட்டுவிடும். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறி வந்து கொட்டுகிறது, அதுதான் அவன் கஷ்டம். தமிழில் நல்ல எழுத்தும் வந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்', அவர் மனைவி லக்ஷ்மி பாலகிருஷ்ணன் எழுதிய 'எழுதாப் பயணம்' இரண்டையும் வாங்கிப் படியுங்கள். அவர்களும் அந்த அப்பாவைப் போல எழுதி வைத்த பெற்றோர்தான்.

இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. குளிக்க வைக்க வேண்டும், பல் தேய்த்துவிட வேண்டும். ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். கோபம் வந்தால் என்னால் பிடிக்க முடியாது. தங்கையின் முன்பல் போனது அப்படித்தான். ஆனால் மல்லாட்டை உரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை, அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தும் கொடுத்தனுப்புகிறார்கள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது, 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை. மாத்திரைக்குப் போக மிச்சம் சொற்பம்.

பதினெட்டு வயது முடிந்தால் பெற்ற தாயும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆக மாட்டாள் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோதுதான் தெரிந்தது. 1999 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே மனுக் கொடுத்துக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கினோம். அதில் தங்கையின் பெயர் இருக்கிறது. அவளுக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. எனக்கு அறுபத்தாறு. அடுத்து யார் பெயர் என்று போன தைப் பொங்கலன்று என் பிள்ளைகளிடம் கேட்டேன். மகன் பதில் சொல்லவில்லை, அவனைக் குறை சொல்லவும் மாட்டேன். மகள் "நான் இருக்கேன்பா" என்றாள். சரி, அப்படியானால் வாரம் ஒரு நாள் வந்து அவனோடு இரு, அவன் உன்னைப் பழகட்டும் என்றேன். நான்கு மாதமாக வருகிறாள். முதல் மாதம் அவள் கையைக் கடித்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் மல்லாட்டைத் தோலை ஒரு வரிசை அடுக்கி வைத்தான்.

ஓசூர் மகளே, உனக்கு நான்கு காரியம் சொல்கிறேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேட்டு, உடனே பிள்ளையைக் காட்டு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இப்போதே விண்ணப்பம் போடு. ஆறு வயதானால் பள்ளியில் பெயர் சேர், எந்த வாத்தியார் முடியாது என்றாலும் கேட்காதே. தீவிரமாக இருந்தால் வீட்டு வழிக் கல்விக்கும் 2012 முதல் உரிமை உண்டு, வட்டார வள மையத்தில் கேள். குணப்படுத்திவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவன் வாசலுக்குப் போகாதே. கடைசியாக ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பி. எதற்கு அழுகிறான், எதற்கு அடங்குகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று எழுது. (நான்கு என்று சொல்லி ஐந்தாகிவிட்டது. கணக்கு வாத்தியார்தான் நான்.)

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணியில் போளூரில் நடக்கும் கல்யாணத்துக்கு இந்த முறை அவனும் வருகிறான், தங்கையும் வருகிறாள். இருபது வருஷமாக அவள் எந்த விசேஷத்துக்கும் முழுதாக இருந்ததில்லை. முதல் பந்தியிலேயே ஓரத்தில் மூன்று இலை ஒதுக்கி வையுங்கள். ஸ்பீக்கருக்கும் மேளத்துக்கும் எதிரே உட்கார வைக்காதீர்கள். அவன் கத்தினால் திரும்பிப் பார்க்காமல் சாப்பிடுங்கள். அப்பளம் அவனுக்கு இரண்டு வேண்டும்.

– உங்கள் கணக்கு வாத்தியார், அடி அண்ணாமலை